சிறு எஃகுக் கருவிகளுக்கு ஹார்டனிங், டெம்பரிங்: முழுமையான வழிகாட்டி

இது வீட்டுப் பட்டறையில் செய்யும் சிறு உருப்படிகளுக்கான வழிகாட்டி: சென்டர் பஞ்ச், உளி, ஸ்கிரேப்பர், ஸ்கிரைபர், ஸ்குரூடிரைவர் முனை, தட்டை ஸ்பிரிங். தடிமன் 1 முதல் 12 மி.மீ. வரை, எடை கால் கிலோவுக்குள். வெப்பநிலை எல்லாம் செல்சியஸில். ஹார்டனிங் என்பது எஃகைச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கிச் சட்டென்று ஆற்றிக் கடினமாக்குவது. டெம்பரிங் என்பது அதன்பின் மிதமான சூட்டில் வைத்து, அதன் நொறுங்கும் தன்மையைக் குறைப்பது.

புதிதாகச் செய்பவர்களின் கவனம் முழுக்க நெருப்பின் மேலும் எண்ணெயின் மேலும்தான் இருக்கும். ஆனால் உருப்படி விரிசல் விடுமா, கோணுமா என்பது பெரும்பாலும் உலையைப் பற்றவைப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எண்ணெயிலிருந்து எடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த பெரிய தவறு. வரிசையை மாற்றாதீர்கள். ஒரு படியைத் தாண்டினால் அதன் விளைவு இரண்டு மூன்று படி தள்ளித்தான் தெரியும். அப்போது காரணம் எது என்று கண்டுபிடிப்பது கடினம்.

1. எஃகு எது என்று முதலில் உறுதி செய்யுங்கள்

எஃகு கடினமாவது அதிலுள்ள கார்பனால். 0.3 சதவீதத்துக்கும் குறைவாகக் கார்பன் உள்ள மைல்டு ஸ்டீலை எத்தனை முறை சிவக்கக் காய்ச்சி முக்கினாலும் வெட்டும் கருவிக்கு வேண்டிய கடினம் வராது. 0.4 சதவீதம் உள்ள இஎன்8 என்ற எஃகு ஓரளவு கடினமாகும், ஆனால் கூர்முனை நிற்காது. வெட்டும் கருவிக்கு 0.75 சதவீதத்துக்கு மேல் வேண்டும்.

தொடங்குபவர்களுக்கு 1084 என்ற எஃகு வகைதான் சரியான தேர்வு. சுமார் 815 டிகிரி, கொஞ்ச நேரம் அந்தச் சூட்டில் நிறுத்தினால் போதும், கேஸ் டார்ச்சிலேயே வேலை நடக்கும். ஓ1 எஃகு எண்ணெயில் நிதானமாகக் கடினமாகும், கோணலும் குறைவு. ஆனால் அதிலுள்ள குரோமியம், டங்ஸ்டன் கார்பைடுகள் கரைவதற்கு 800 டிகிரியில் 10 நிமிடமாவது நிற்க வேண்டும். அதனால் அதற்கு மின் உலை நல்லது. 1095 பெயர் பெற்ற எஃகு என்றாலும் முதல் முயற்சிக்கு ஏற்றதல்ல. 800 டிகிரியிலிருந்து 540க்குக் கீழே ஒரு நொடிக்குள் இறங்கினால்தான் அது முழுக் கடினம் பெறும். சாதாரணத் தாவர எண்ணெயில் அந்த வேகம் மெல்லிய துண்டுக்குத்தான் கிடைக்கும்.

பழைய அரம், கார் ஸ்பிரிங் போன்ற ஸ்கிராப்பை வைத்துப் பழகலாம் என்று பலர் சொல்வார்கள். அது வேண்டாம். அரங்களில் சில, மேற்பரப்பை மட்டும் கடினமாக்கிய மைல்டு ஸ்டீல். கார் ஸ்பிரிங்கில் கண்ணுக்குத் தெரியாத களைப்பு விரிசல் இருக்கலாம். ஒரு உருப்படிக்காக ஆறு மணி நேரம் அரம் பிடித்த பிறகு எஃகையே சந்தேகிக்கும் நிலை வரக்கூடாது. துத்தநாகம் அல்லது குரோமியம் பூசியது எதையும் நெருப்பில் வைக்காதீர்கள். அந்தப் புகை நச்சு.

2. முன்கூட்டித் தயாராக இருக்க வேண்டியவை

எண்ணெய்: ஒரு கிலோ எஃகுக்கு 8 முதல் 10 லிட்டர் என்பது பட்டறைக் கணக்கு. 100 கிராம் பஞ்ச்சை 800 டிகிரியில் ஒரு லிட்டர் எண்ணெயில் போட்டால் எண்ணெயின் சூடு ஏறத்தாழ 27 டிகிரி ஏறும். இரண்டு மூன்று துண்டுகளை அடுத்தடுத்து முக்கினால் ஒரு லிட்டர் போதாது என்பது இதிலிருந்தே தெரியும். முக்குவதற்கென்றே விற்கும் குவெஞ்ச் எண்ணெய் கிடைத்தால் அதுவே சிறந்தது. இல்லாவிட்டால் புதிய சமையல் தாவர எண்ணெய். பழைய என்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம். அதில் உலோகத் தூளும் ரசாயனச் சேர்மானங்களும் இருக்கின்றன, புகை மோசம்.

பாத்திரம்: உயரமான இரும்புப் பாத்திரம், இறுக்கமாக மூடும் இரும்பு மூடியோடு. உருப்படியின் நீளத்தைவிட 10 செ.மீ. கூடுதல் ஆழம் வேண்டும். முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். பிளாஸ்டிக் வாளி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இவை தவிர: உலை அல்லது தீச்செங்கல் அடுக்கிய சிறு கூடு, நீண்ட கைப்பிடி இடுக்கி, கயிற்றில் தொங்கும் காந்தம், நல்ல புது அரம் ஒன்று, கே வகை தெர்மோகப்பிள் (உலைச் சூட்டை அளக்கும் உணரி), டெம்பரிங்குக்குச் சிறு அவன் (oven, மின் அடுப்புப் பெட்டி), அதற்குத் தனி வெப்பமானி.

பாதுகாப்புக்கு: முகக் கவசம், தோல் ஏப்ரன், பருத்தி உடை, உலர் தூள் தீயணைப்பான். எரியும் எண்ணெயில் தண்ணீர் பட்டால் எண்ணெய் வெடித்துச் சிதறும். அதனால் அந்தப் பக்கம் தண்ணீர் வாளியே இருக்கக் கூடாது. தீப்பிடித்தால் முதல் வேலை மூடியைப் போடுவதுதான். கதவு ஜன்னல் திறந்த இடத்தில் செய்யுங்கள். கேஸ் உலையும் கரி உலையும் கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு வாசனை கிடையாது.

டெம்பரிங் அவனை இப்போதே போட்டு, வேண்டிய சூட்டில் நிலைக்க வையுங்கள். கடினமான துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவன் சூடாகக் காத்திருக்கும் நேரத்தில்தான் பல விரிசல்கள் விழுகின்றன.

3. வடிவத்தை முடித்தல்

உள்மூலைகள் எல்லாவற்றுக்கும் குறைந்தது 1 மி.மீ. ஆரமுள்ள வளைவு கொடுங்கள். முக்கும்போது மெல்லிய பகுதி முதலில் சுருங்கி, பிறகு கடினமாகி விரிகிறது. தடித்த பகுதி பின்னால் வருகிறது. இந்த இழுபறியின் முழு விசையும் கூர்மையான மூலையில் குவியும். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

கிரைண்டர் கீறல்களும் அப்படியே. 220 எமரித் தாளில், உருப்படியின் நீளவாக்கில், குறுக்குக் கீறல் ஒன்றுகூட இல்லாமல் தேயுங்கள். ஆழமாக அடித்த எழுத்துக் குறி, ஸ்கிரைபர் கோடு, ட்ரில் செய்த துளையின் பிசிறு எல்லாவற்றையும் கவனியுங்கள். துளை விளிம்பை இரு பக்கமும் லேசாகக் கவுண்டர்சிங்க் செய்யுங்கள், அதாவது சரிவாகச் சீவிவிடுங்கள்.

கூர்முனையை இப்போது தீட்டாதீர்கள். விளிம்பில் 0.8 முதல் 1 மி.மீ. வரை தடிமன் விட்டுவையுங்கள். மெல்லிய விளிம்பு மற்ற இடத்துக்கு முன்பே அளவு மீறிச் சூடாகும், அலையலையாகக் கோணும், கார்பனும் எரிந்துபோகும். மற்ற பரப்புகளிலும் கடைசித் தேய்ப்புக்கு 0.2 மி.மீ. மிச்சம் வையுங்கள்.

4. நார்மலைசிங்

நார்மலைசிங் என்பது எஃகைக் காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டு, உள்ளழுத்தத்தைத் தீர்ப்பது. அடித்து வளைத்த துண்டுக்கும் கிரைண்டரில் நிறையச் சூடான துண்டுக்கும் இது கட்டாயம். கடையிலிருந்து அனீல் செய்து (மென்மையாக்கி) வந்த ஓ1 கம்பியை வெட்டி அரம் மட்டும் போட்டிருந்தால் தேவையில்லை.

1084க்கு மூன்று சுற்று: 870, பிறகு 820, பிறகு 780 டிகிரி. ஒவ்வொரு முறையும் அசையாத காற்றில், கருக்கும்வரை ஆறவிடுங்கள். சுற்றுக்குச் சுற்று சூடு குறைவதற்குக் காரணம் இருக்கிறது. முதல் சுற்று உள்ளழுத்தத்தையும் சீரற்ற அமைப்பையும் தீர்க்கிறது. அடுத்தவை மணிகளை, அதாவது எஃகின் உள்ளே இருக்கும் நுண்படிகங்களை, நுணுக்குகின்றன. காற்றோட்டத்திலோ குளிர்ந்த இரும்பின் மேலோ வைத்தால் ஒரு பக்கம் முந்தி ஆறி, நீங்கள் தீர்க்க நினைத்த கோணலே திரும்ப வரும்.

5. தேர்வுத் துண்டு

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். அதே கம்பியிலிருந்து 50 மி.மீ. நீளத் துண்டு ஒன்றை வெட்டி, உருப்படிக்குச் செய்யப்போவதை அதற்கு முதலில் செய்யுங்கள். முக்கிய பிறகு டெம்பர் செய்யாமல் வைஸில் பிடித்து, தடித்த துணியைச் சுற்றி, முகக் கவசத்தோடு சுத்தியலால் ஒரு தட்டு.

உடைந்த முகத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். மங்கிய சாம்பல் நிறத்தில், மணியே தெரியாமல் வெல்வெட் மாதிரி இருந்தால் சூடு சரி. சர்க்கரைத் துகள்போல மினுக்கினால் அளவுக்கு மீறிக் காய்ச்சியிருக்கிறீர்கள், மணி பெருத்துவிட்டது. உடையாமல் வளைந்தால் சூடு போதவில்லை, அல்லது எஃகு நீங்கள் நினைத்தது இல்லை. உருப்படியின் தலையெழுத்தை ஒரு சின்னத் துண்டு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

6. சூடேற்றுதல்

மெதுவாக ஏற்றுங்கள், குறிப்பாக 600 டிகிரி வரை. தடித்த பகுதியைத் தீயில் வைத்து, சூடு மெல்லிய முனைக்குத் தானாக ஓடட்டும். மூச்சுத் திணறும் தீ, அதாவது கேஸ் கொஞ்சம் அதிகமாக, காற்று குறைவாக உள்ள தீ வையுங்கள். காற்று மிஞ்சினால் மேற்பரப்பில் செதில் (கருகிய ஆக்சைடுப் படலம்) கட்டும், அதோடு கார்பனும் வெளியேறும். டார்ச்சின் நீலக் கூம்பு உருப்படியை நேராகத் தொடக் கூடாது. மின் உலையில் தீயே இல்லாததால் காற்று தாராளம். அங்கே ஸ்டெயின்லெஸ் தாளில் பொதிந்தோ செதில் தடுக்கும் பூச்சுப் பூசியோ வையுங்கள்.

சூட்டை அறிய மூன்று வழிகள் உண்டு. இரண்டையாவது சேர்த்துப் பயன்படுத்துங்கள்.

காந்தம்: இந்த எஃகுகள் 770 டிகிரியை எட்டுவதற்குள் காந்தத்தை விட்டுவிடும். அதற்கு மேலும் 40 டிகிரி போல ஏற்ற வேண்டும். காந்தம் விட்ட நொடியிலேயே முக்கினால் அரைகுறைக் கடினம்தான். காந்தச் சோதனை சூடு ஏறும்போது மட்டுமே நம்பத்தக்கது. ஒருமுறை அமைப்பு மாறிய எஃகு, இறங்கும்போது 700க்குக் கீழே வந்தும் காந்தத்தில் ஒட்டாமல் இருக்கும். உலையிலிருந்து எடுத்து இரண்டு மூன்று முறை காந்தத்தில் ஆட்டி, ‘ஒட்டவில்லையே’ என்று அப்படியே முக்குபவர்கள் ஆறிப்போன துண்டைத்தான் முக்குகிறார்கள்.

நிழல்: வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். செந்நிறத்தின் நடுவில் கருமையான நிழல் ஒன்று மெல்லிய பக்கத்திலிருந்து தடித்த பக்கம் நோக்கி நகர்ந்து மறையும். அமைப்பு மாறும்போது எஃகு வெப்பத்தை உறிஞ்சுவதால் வருவது அது. நிழல் முழுவதும் மறைந்து, நிறம் ஒரே சீராக ஆன பிறகு இன்னும் ஒரு படி பிரகாசம் கூட்டுங்கள். வெயிலில் பார்த்தால் இது தெரியவே தெரியாது. நிறத்தையும் குறைத்து மதிப்பிட்டு 100 டிகிரி கூடுதலாகக் காய்ச்சிவிடுவீர்கள்.

உப்பு: சாதாரண உப்பு 801 டிகிரியில் உருகும். உருப்படிக்குப் பக்கத்தில் ஒரு கழிவு எஃகுச் சில்லில் நாலு உப்புக்கல் வையுங்கள். அது உருகி நீர்போலப் பரவினால் அந்த இடம் 800ஐத் தாண்டிவிட்டது. தெர்மோகப்பிள் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கவும் இதுவே எளிய வழி.

சூடு வந்ததும் 1084ஐ நாலைந்து நிமிடமும், ஓ1ஐ 10 முதல் 20 நிமிடமும் நிறுத்துங்கள். டார்ச்சில் அவ்வளவு நேரம் சீராகப் பிடிக்க முடியாதென்றால், சூட்டை இன்னும் ஏற்றி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். நேரக் குறைவால் வரும் குறை சிறிது. பெருத்த மணியால் வரும் குறை பெரிது.

7. எண்ணெயில் இறக்குதல்

எண்ணெயை முன்பே 50 முதல் 60 டிகிரிக்குச் சூடாக்கி வையுங்கள். குளிர்ந்த எண்ணெயில்தான் வேகமாக ஆறும் என்று தோன்றும்; நடப்பது நேர்மாறு. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் உருப்படியைச் சுற்றிய ஆவிப் போர்வை எளிதில் உடையாது. சூடான, இளகிய எண்ணெய் ஓடி வந்து சூட்டை வாங்கிக்கொண்டு போகும்.

பாத்திரம் உலையிலிருந்து ஓரடித் தூரத்தில் இருக்கட்டும். மெல்லிய உருப்படி காற்றில் ஒரு நொடிக்குப் பல பத்து டிகிரி இழக்கும். இடுக்கியின் வாயையும் கொஞ்சம் சூடாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிடித்த இடம் மட்டும் ஆறி மென்மையாக நிற்கும்.

செங்குத்தாக, தயங்காமல், முழுவதும் மூழ்கும்படி இறக்குங்கள். பாதி உள்ளே பாதி வெளியே நின்றால் எண்ணெய் மேற்பரப்பு தீப்பிடிக்கும். மேலும் கீழுமாக அசையுங்கள். தட்டையான உருப்படியைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஒரு முகம் முந்தி ஆறி வில்லாக வளையும். சலசலப்பு அடங்கிய பிறகும் பத்துப் பன்னிரண்டு நொடி உள்ளேயே வையுங்கள்.

பஞ்ச், உளி போன்றவற்றில் முனை மட்டும் கடினமானால் போதும். சுத்தியல் படும் தலை ஒருபோதும் கடினமாகக் கூடாது, அடியில் சில்லு தெறித்துக் கண்ணைப் பறிக்கும். முனையிலிருந்து 40 மி.மீ. மட்டும் சூடாக்கி, 25 மி.மீ. முக்குங்கள். அப்போதும் மேலும் கீழும் அசைவு வேண்டும். ஒரே மட்டத்தில் நின்றால் கடினமும் மென்மையும் சந்திக்கும் கோடு கூர்மையாகி, பிறகு அந்தக் கோட்டிலேயே முறியும்.

தண்ணீர், உப்புத் தண்ணீர் எல்லாம் எண்ணெயைவிட வேகம். தண்ணீருக்கென்றே தயாரித்த எஃகைத் தவிர வேறெதற்கும் அவை வேண்டாம். ஓ1ஐத் தண்ணீரில் போட்டால் ‘டிக்’ என்ற சத்தத்தைக் கேட்கத் தயாராக இருங்கள்.

8. அரம் சொல்வது, கோணல் நிமிர்த்துவது

கோணல் இருக்கிறதா என்று எண்ணெயிலிருந்து எடுத்த உடனே பாருங்கள். சுமார் 200 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை எஃகு இன்னும் முழுக் கடினமாகவில்லை. தடித்த கையுறையோடு இரு மரக்கட்டைகளுக்கு நடுவில் மெதுவாக அழுத்தி நிமிர்த்தலாம். இதற்குக் கிடைப்பது சில நொடிகள்தான். ஆறிய பிறகு அழுத்தினால் முறியும். மிச்சக் கோணலை டெம்பரிங்கின்போது கவ்வி பிடித்துச் சரிசெய்யுங்கள்.

கையால் தொடும் சூட்டுக்கு வந்ததும் அரத்தின் ஓரத்தை லேசாக இழுங்கள். கண்ணாடியில் போல வழுக்கினால் சரி. முதல் ஓரிரு இழுப்பில் கடித்து, பிறகு வழுக்கினால் பயப்பட வேண்டாம். மேல் தோலில் மட்டும் கார்பன் போயிருக்கிறது, கடைசித் தேய்ப்பில் அது போய்விடும். தொடர்ந்து கடித்துக்கொண்டே போனால் கடினமாகவில்லை. டெம்பரிங்குக்குப் போவதில் பயனில்லை, 6ஆம் படிக்குத் திரும்புங்கள்.

9. டெம்பரிங்: வெட்டும் கருவிகள்

இந்த நிலையில் உருப்படி கீழே விழுந்தாலே உடையும். 50 டிகிரிக்கு ஆறியதும், ஒரு மணி நேரத்துக்குள், அவனில் வையுங்கள். அவனின் திருகு காட்டும் எண்ணை நம்பாதீர்கள். சிறு அவன்கள் 20 டிகிரி மேலும் கீழும் ஆடும். மணல் பரப்பிய தட்டில் உருப்படியைப் புதைத்து, வெப்பமானியின் முனையை மணலுக்குள் வையுங்கள். மணல் அந்த ஆட்டத்தை விழுங்கிவிடும்.

இரண்டு முறை, ஒவ்வொன்றும் ஒன்று முதல் இரண்டு மணி நேரம், நடுவில் அறை வெப்பத்துக்கு ஆறவிட்டு. முதல் சுற்று ஆறும்போது புதிதாகக் கொஞ்சம் கடின அமைப்பு உருவாகும். இரண்டாவது சுற்று அதையும் பதப்படுத்தும்.

ஸ்கிரைபர், ஸ்கிரேப்பர்: 200. மர உளி: 200 முதல் 220. சென்டர் பஞ்ச்: 230 முதல் 250. இரும்பு வெட்டும் உளி: 270 முதல் 290. ஸ்குரூடிரைவர் முனை: 290 முதல் 300.

அவன் இல்லாமல் டார்ச்சில் செய்வதானால் நிறம்தான் வழிகாட்டி. உருப்படியை எமரித் தாளில் பளபளக்கத் தேய்த்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, முனைக்குப் பின்னாலிருந்து சூடாக்குங்கள். வெளிர் வைக்கோல் நிறம் 205, அடர் வைக்கோல் 230, பழுப்பு 255, ஊதா 280, நீலம் 295 டிகிரி வாக்கில் வரும். இந்த நிறங்கள் வரிசையாக முனையை நோக்கி ஓடும். வேண்டிய நிறம் முனையைத் தொட்டவுடன் தண்ணீரில் நனைத்து நிறுத்துங்கள். நிறம் சூட்டை மட்டுமல்ல, நேரத்தையும் சார்ந்தது. அவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் இருந்த துண்டு 230க்குரிய நிறம் காட்டினால் குழம்ப வேண்டாம்.

10. டெம்பரிங்: ஸ்பிரிங்

ஸ்பிரிங்குக்கு நீல நிறம் போதும் என்று பரவலாகச் சொல்வார்கள். அது அபாயமான அறிவுரை. 260 முதல் 370 டிகிரி வரையிலான இடைவெளியில் பல எஃகுகள் கடினத்தை இழக்கும், ஆனால் அதற்கு ஈடாக உறுதி கூடாது. சில நேரம் குறையும். சின்ன அசைவுள்ள ஸ்பிரிங் நீலத்தில் தப்பிக்கலாம். நிறைய வளைந்து நிமிர வேண்டியது ஒருநாள் பட்டென்று முறியும்.

1084 தட்டை ஸ்பிரிங்குக்கு 400 முதல் 430 டிகிரியில் ஒரு மணி நேரம், இரண்டு முறை. கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 45 முதல் 50க்குள் வரும். சமையல் அவன் இந்தச் சூட்டுக்கு எட்டாது, மின் உலைதான் வேண்டும். எண்ணெய் தடவி எரியவிடும் பழைய முறையில் மெல்லிய முனை அதிகமாகவும் தடித்த அடி குறைவாகவும் பதமாகிவிடும். ஒரே சீரான தடிமன் உள்ள ஸ்பிரிங்குக்கு மட்டும் அதை முயலலாம்.

பிறகு வேலையில் வளைய வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக, வைஸில் வைத்து நாலைந்து முறை வளைத்து விடுங்கள். வளைந்தே நின்றால் மென்மை அதிகம். முறிந்தால், முறிந்த இடத்தில் குறுக்குக் கீறல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

11. மைல்டு ஸ்டீலுக்குத் தோல் கடினம்

தேய்மானம் தாங்கினால் போதும், உள்ளே மென்மையாக இருக்கலாம் என்ற உருப்படிக்கு மைல்டு ஸ்டீலில் கார்பன் ஏற்றலாம். இரும்புப் பெட்டியில் உருப்படியைச் சுற்றி எல்லாப் பக்கமும் 25 மி.மீ. அளவுக்குப் பொடிக்கரி. அதில் எடைக்குப் பத்தில் ஒரு பங்கு சோடியம் கார்பனேட். மூடியின் இடுக்கைத் தீக்களிமண்ணால் அடைத்து, 925 டிகிரியில் வையுங்கள். உள்ளே அந்தச் சூடு வந்த பிறகு ஒரு மணி நேரத்தில் 0.6 மி.மீ., நாலு மணி நேரத்தில் 1.25 மி.மீ. ஆழம் வரும். இரு மடங்கு ஆழத்துக்கு நாலு மடங்கு நேரம் வேண்டும் என்பதால், பொறுமை இழந்து சூட்டை ஏற்றத் தோன்றும். ஏற்றினால் உள்மணி பெருக்கும்.

ஆறவிட்டு எடுத்து, 780 டிகிரிக்குத் திரும்பச் சூடாக்கித் தண்ணீரில் முக்கி, 160 டிகிரியில் டெம்பர் செய்யுங்கள். சயனைடு உப்பு முறை பழைய குறிப்புகளில் கண்ணில் படும். வீட்டில் அதைத் தொடவே கூடாது.

12. தவறினால்

கடினமாகவில்லை: சூடு குறைவு, உலைக்கும் எண்ணெய்க்கும் நடுவில் ஆறியது, எண்ணெய் மெதுவானது, எஃகு வேறு. இந்த வரிசையிலேயே சந்தேகப்படுங்கள்.

திட்டுத் திட்டாக மென்மை: செதில் ஒட்டியிருந்த இடம், இடுக்கி பிடித்த இடம், அல்லது அசைக்காததால் ஆவி தேங்கிய இடம்.

தீட்டிய பிறகு முனை பொடிந்து உதிர்கிறது: டெம்பரிங் 15 டிகிரி கூட்டிப் பாருங்கள். அதிலும் உதிர்ந்தால் மணி பெருத்திருக்கிறது. டெம்பரிங்கால் அது சரியாகாது, நார்மலைசிங்கிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

முனை மடங்குகிறது: டெம்பரிங் அதிகம், அல்லது தீட்டும்போது கிரைண்டரில் நிறம் ஏறிவிட்டது. நீலம் கண்ட முனையின் பதம் போய்விட்டது. நீலத்தைத் தேய்த்து அழித்தாலும் கடினம் திரும்ப வராது. சில நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் நனைத்துத் தீட்டுங்கள்.

மறுபடி ஹார்டனிங் செய்வதானால், ஏற்கெனவே கடினமான துண்டை நேராக 800க்கு ஏற்றி முக்காதீர்கள். பழைய உள்ளழுத்தத்தோடு புதியதும் சேர்ந்து வெடிக்கும். 1084ஐ நார்மலைஸ் செய்யுங்கள். ஓ1ஐ 700 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, உலையோடு சேர்த்து மெதுவாக ஆறவிடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் மேல் தோலில் கொஞ்சம் கார்பன் போகும் என்பதால், தேய்க்க மிச்சம் இருக்கிறதா என்று அளந்துகொண்டு தொடங்குங்கள். விரிசல் கண்ட துண்டுக்கு இது எதுவும் பொருந்தாது. வெல்டிங்கிலோ மறுபடி காய்ச்சுவதிலோ அது மூடாது. அதை ஸ்கிராப்பில் போட்டுவிட்டு, அந்த விரிசல் தொடங்கிய மூலையின் ஆரத்தைக் கூட்டி அடுத்ததை வெட்டுங்கள்.